கொம்பு முளைத்த வெள்ளி

1997 டிசம்பர் முப்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. இந்தத் தேதியில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. வந்தாலும் இப்போது சரிபார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. ஊரையும் நாளையும் கொடுத்தால் அன்றைய வானத்தை விரித்துக் காட்டும் செயலி ஒன்று என் கைபேசியில் இருக்கிறது. போன வாரம் அதில் கொடைக்கானலையும் அந்தத் தேதியையும் கொடுத்து, சூரியன் மறைந்து சற்று நேரமான பொழுதுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். தென்மேற்கில் வெள்ளி, நான் நினைவில் வைத்திருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே, மலை விளிம்பை ஒட்டி, அன்று எங்கள் ஊரில் ஒருவர் கண்ணிலும் படாத நிலா.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கொடைக்கானல் பஜாரில் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஸ்வெட்டர் கடை. குல்லா, கையுறை, யூகலிப்டஸ் தைலம் எல்லாம் உண்டு. கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. அதில் அத்தாவின் தம்பி, எங்கள் சின்னத்தா, தன் சாமான்களோடு குடியிருந்தார். சாமான்களுக்கு நடுவில் அவருக்கும் கொஞ்சம் இடம் இருந்தது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

கொடைக்கானலில் ஒரு வசதி உண்டு. பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றுவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் கட்டிலும் கம்பளியும் வாங்கப் போவார்கள். சின்னத்தா போனால் ஸ்லைடு புரொஜெக்டர், சிற்றலை ரேடியோ, தானே சதுரங்கம் ஆடும் பெட்டி, அட்டை போன அறிவியல் பத்திரிகைகள் என்று ஏதாவது ஒன்றைத் தோளில் சுமந்து வருவார். பாதி ஓடாது. ஓடாதவற்றில்தான் அவருக்குப் பிரியம் அதிகம்.

அவருக்கு எல்லாமே வேண்டும். சினிமாவில் ஒரே நடிகர் இரண்டு பேராக வந்து கைகுலுக்கும் காட்சியை எப்படி எடுக்கிறார்கள் என்று, எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடியை வைத்து விளக்குவார். டிவியில் வரும் மல்யுத்தத்தில் விழுகிறவர் எந்தக் கையைத் தரையில் அடித்துச் சத்தம் எழுப்புகிறார் என்று காட்டிக்கொடுத்து, பக்கத்துக் கடைப் பையன்களின் மனதை உடைத்திருக்கிறார். எங்கள் மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்தும் பருப்பு ஏன் தாமதமாக வேகிறது என்பதை அம்மாவுக்குச் சொன்னவரும் அவர்தான். அதுவரை பருப்புக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்த அம்மா, அன்றிலிருந்து மலையைத் திட்ட ஆரம்பித்தார். அறைச் சுவரில் ஒரு நடிகர் படத்துக்கும் ஒரு மல்யுத்த வீரர் படத்துக்கும் நடுவே, அந்த வருடம் செவ்வாய்க் கிரகத்தில் போய் ஊர்ந்த ஆறு சக்கர வண்டியின் படம் ஒட்டியிருந்தது. மூவரையும் அவர் ஒரே மரியாதையோடுதான் பார்த்தார்.

அத்தாவுக்குத் தம்பிமேல் பாசம் உண்டு. சாமான்கள்மேல் இல்லை. குளிர்காலச் சரக்கு லூதியானாவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்போதெல்லாம், வைக்க இடமில்லாமல் மேலே பார்ப்பார்.

“ஒரு சோலியாவது உருப்படியா ஆகுதா ஒன் சாமானால? ஊருக்கு வேணாம், இந்தக் கடைக்காவது ஆகுதா?” என்று அந்த வருடம் கேட்டேவிட்டார். பொங்கலுக்குள் அறையைக் காலி செய்து எல்லாவற்றையும் எடைக்குப் போட வேண்டும் என்பது தீர்ப்பு.

சின்னத்தா தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் ஊரில் மேகம் எந்நேரமும் தலைக்குமேலேயே நிற்பதால் ரமலான் பிறையை நாங்கள் பார்த்ததே அபூர்வம். பழனியிலோ திண்டுக்கல்லிலோ பார்த்தவர்கள் போன் செய்து சொன்னால்தான் எங்களுக்கு நோன்பு, எங்களுக்குப் பெருநாள். மலைமேல் இருந்துகொண்டு கீழே இருப்பவர்களிடம் வானத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று பஜாரில் எல்லாருக்கும் ஒரு குறை. சின்னத்தாவிடம் ஒரு தொலைநோக்கி இருந்தது. அதுவும் வெள்ளைக்காரர் வாசலில் வாங்கியதுதான். அதை வைத்து இந்த வருடம் பிறையை நம் ஊரிலேயே பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

அத்தா யோசித்தார். “காட்டிருவியா?”

“வானம் வழிவிட்டா காட்டிருவேண்ணே.”

“காட்டிட்டேன்னா ரூம் ஒனக்கு. அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்.”

பள்ளிவாசல் இமாமை நாங்கள் அசரத் என்று அழைப்போம். அவரிடம் போய்க் கேட்டபோது அவரும் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கருவியால் தேடலாம், ஆனால் கடைசியில் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வானம் வழிவிட்டது. வருடக் கடைசிக் கூட்டம் பஜாரை நிறைத்திருந்தது. எங்கள் கடைக்குப் பின்னால் இருந்த லாட்ஜின் மொட்டை மாடியில் சின்னத்தா தொலைநோக்கியை நிறுத்தினார். ஆண்களோடு மாடியில் நிற்க என்னை அனுமதித்த கடைசி வருடம் அதுதான் என்று நினைக்கிறேன். மேற்கில் மலை விளிம்பில் ஒரு மேகப்பட்டை கிடந்தது. அதற்கு மேலே வெள்ளி பளிச்சென்று வந்துவிட்டது. சின்னத்தா குழாயை அதை நோக்கித் திருப்பி, திருகைத் திருகித் தெளிவு பார்த்துக்கொண்டார். தெளிவு சரியாக இருந்தால்தான் அப்புறம் பிறையைத் தேடும்போது மெல்லிய கீற்று தப்பாது என்றார். பிறகு இன்னொரு கண்ணாடிவில்லை அறையிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது.

“ஏ புள்ள, இந்தா வந்துருதேன். ஒருத்தரும் இதைத் தொடாம பாத்துக்க.”

போனவர் வெரசாக வரவில்லை. கீழே அத்தா அவரைப் பிடித்துக்கொண்டார். ஒரு சுற்றுலாக் குடும்பத்துக்கு மெரூன் நிறத்தில் பெரிய அளவு ஸ்வெட்டர் வேண்டியிருந்தது. அது மேல்தட்டில் இருந்தது. ஏணியில் ஏறத் தம்பியை விட்டால் ஆளில்லை.

அந்த நேரத்தில்தான் அசரத் மாடிக்கு வந்தார். பின்னாலேயே பஜார்க்காரர்கள் பத்துப் பேர்.

“தம்பி எங்கம்மா?”

“கீழ போயிருக்காங்க அசரத். தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“தொடல. கண்ணை மட்டும் வச்சுக்கிடுதேன்.”

சொன்னபடியே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு அவர் தோள்கள் நடுங்கின. குளிரால் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் நின்றது.

“மாஷா அல்லாஹ்! பிறை!”

என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கறுப்பு வட்டத்துக்கு நடுவே, நகத்தைக் கத்தரித்துப் போட்டது போல மெல்லிசாக, இரண்டு கொம்புகளோடு, தண்ணீருக்குள் கிடப்பது போல நடுங்கிக்கொண்டு, ஒரு வெள்ளைப் பிறை. அதைவிடப் பிறை மாதிரியான பிறையை நான் எந்த வாழ்த்து அட்டையிலும் பார்த்ததில்லை. மாடிச் சுவரைப் பிடித்துக் கீழே எட்டி, என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.

“பிறை தெரிஞ்சிருச்சு!”

பஜார் ஒரு நொடியில் மாறிப்போனது. பேக்கரிக்காரர் அடுப்பை விட்டு வெளியே வந்தார். ஜீப் டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். இன்றிரவே ரமலான் தொழுகை, விடியுமுன் சஹர் சாப்பாடு என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். மெரூன் ஸ்வெட்டரோடு கடைவாசலுக்கு வந்த சின்னத்தாவை, என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியுமுன்பே நாலு பேர் கட்டிப்பிடித்தார்கள். அத்தா கடைப்படியில் ஏறி நின்று, “காட்டிட்டான்யா என் தம்பி!” என்றார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. “எப்பவும் கீழ இருந்து நமக்குச் சொல்லுவாங்க. இன்னைக்கு நாம சொல்லுவோம்” என்று எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தார்.

சின்னத்தா படியேறி வந்தார். ஸ்வெட்டர் தோளிலேயே கிடந்தது. தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். எடுத்தார். குழாயின் மேல்பக்கமாக, அது நோக்கும் திசையில் வெறுங்கண்ணால் பார்த்தார்.

“இதை யாரும் அசைச்சாங்களா?”

“இல்ல சின்னத்தா. அசரத் கையைக் கட்டிக்கிட்டுத்தான் பாத்தாங்க.”

“அவரு பாத்தது இதையா?”

“ஆமா. நானும் பாத்தேன்!”

மாடியின் மறுமூலையில் அசரத் கைகளை ஏந்தித் துஆ கேட்டுக்கொண்டிருந்தார். கீழே தெருவில் யாரோ சின்னத்தாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் எட்டிப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார். அந்தக் கை இறங்க நேரமானது. பிறகு திடீரென்று திரும்பி, இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினார். நானும் ஓடினேன்.

பூத்துக்குள் அத்தாவுக்குப் பழனி லைன் கிடைத்துவிட்டது. “கொடைக்கானல்ல இருந்து பேசுதேன். என் தம்பி பாத்துட்டுச் சொல்லுதான்…” என்று ஆரம்பித்திருந்தார். சின்னத்தா கதவைத் திறந்து, போனின் கொக்கியை விரலால் அமுக்கினார்.

“அண்ணே, அது பிறை இல்ல.”

அத்தா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தார். “அசரத்தே பாத்துட்டாருடா.”

“அவரு பாத்தது வெள்ளி. நான் தெளிவு பாக்கத் திருப்பி வச்சது. இப்ப அது பூமிக்குக் கிட்ட வந்து கெடக்கு. கருவியில பாத்தா பிறை மாதிரியே தெரியும்.”

“நட்சத்திரம் எப்படிடா பிறை மாதிரித் தெரியும்?”

“தெரியும்ணே.”

அத்தா வெளியே பார்த்தார். பஜாரே சிரித்துக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தினார். “ஒரு நோன்பு கூட வச்சா யாருக்கு என்ன கொறஞ்சுபோச்சு? இப்பப் போய் இல்லேன்னு சொன்னா ஒன்னை என்ன சொல்லுவாங்க தெரியுமா? ஒனக்கு ரூம் வேணாமாடா?”

“வேணும்ணே” என்றார் சின்னத்தா. “ஆனா நாளைக்கு நோன்பு இல்லண்ணே. நாம சொன்னோம்னு பழனியில வைப்பாங்க. அவங்க சொன்னாங்கன்னு கீழ எல்லாரும் வைப்பாங்க. பெருநாளும் தப்பாப் போயிரும்.”

அத்தா ரிசீவரை வைத்தார். வைத்த சத்தம் கண்ணாடிக்கு வெளியே எனக்குக் கேட்டது.

மாடியில் சின்னத்தா அசரத்தின் முன்னால் போய் நின்ற விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது. தவறு என்ற சொல்லை அவர் அசரத்தின் பக்கம் கொண்டுபோகவே இல்லை. “நான் வெள்ளியில வச்சுட்டுப் போனதைச் சொல்லாமப் போயிட்டேன் அசரத், என் தப்புதான்” என்று ஆரம்பித்தார். “கருவியால தேடிட்டுக் கண்ணால பாக்கணும்னு சொன்னீங்கல்ல. இப்பக் குழாய் மேலயே கண்ணை ஓடவிட்டுப் பாருங்க.”

அசரத் பார்த்தார். வெறுங்கண்ணுக்கு ஒற்றை நட்சத்திரம். குனிந்தார், பிறை. நிமிர்ந்தார், நட்சத்திரம். மறுபடி குனிந்தார்.

“நட்சத்திரத்துக்கு ஏதுப்பா கொம்பு?”

“அதுவும் நிலா மாதிரி வளரும், தேயும் அசரத். வெறுங்கண்ணுக்குத் தெரியாது.”

பின்னால் நின்ற ஜீப் டிரைவர் ஒருவர், “நாளைக்குச் சூரியனுக்கு வால் இருக்குன்னு சொல்லுவாரு, நாம பாத்துட்டுப் போவோம்” என்றார். சிரிப்பு எழுந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சின்னத்தாவைக் கட்டிப்பிடித்தவரும் அவர்தான்.

அசரத் சிரிக்கவில்லை. “முதல் பிறை வெரசா எறங்கிரும். இது எறங்குதான்னு பாப்போம்” என்று சுவரோரம் உட்கார்ந்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். டீக்கடையிலிருந்து டீ வந்தது. குளிர் சட்டைக்குள் ஏறியது. மேகப்பட்டை கலைந்து மலை விளிம்பு துல்லியமாகத் தெரிந்தது. அங்கே ஒன்றும் இல்லை. மேலே வெள்ளி மட்டும், வீட்டுக்குப் போக மனமில்லாத விருந்தாளி போல, அப்படியே நின்றது. பிறையாக இருந்தால் மறைந்திருக்க வேண்டிய நேரம் தாண்டியும் நின்றது.

அசரத் எழுந்து மாடிச் சுவரருகே போனார். “நான் பாத்தது பிறை இல்ல. நாளைக்கு நோன்பு இல்ல” என்று அவரே தெருவுக்குச் சொன்னார். தெரு முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. பேக்கரிக்காரர் மட்டும், “மாவு பெசஞ்சுட்டேனே, அதை யாரு திங்கது?” என்று மேலே பார்த்துக் கேட்டார்.

பழனிக்கு மறுபடி போன் செய்ய வேண்டியிருந்தது. பாதியில் அறுந்த செய்தியை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ தெரியாது. அத்தாவே போனார். நான் பூத்தின் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். “கொடைக்கானல்ல இருந்து பேசுதேன். பிறை இல்ல. என் தம்பி பாத்துட்டுச் சொல்லுதான்” என்றார். எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது. “ஆமா, அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் சாயங்காலம் உண்மையான பிறை வந்தது. வெள்ளிக்குக் கீழே, எந்தக் குழாயும் இல்லாமல், தெருவில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். புத்தாண்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள்கூட எங்களோடு நின்று அண்ணாந்து பார்த்தார்கள். தொலைநோக்கியை யாரும் கேட்கவில்லை. தொழுகை முடிந்ததும் அசரத் மட்டும் தனியாக மாடிக்கு வந்து, “தம்பி, அந்தக் கொம்பு வச்ச வெள்ளியை இன்னொரு தடவை காட்டுப்பா” என்றார். சற்றுத் தாமதமாகிவிட்டது. வெள்ளி மலைக்குப் பின்னால் போயிருந்தது. நாளைக்கு வெள்ளனே வருகிறேன் என்று சொல்லிப் போனார், மறுநாள் வந்தார்.

எனக்கோ சின்னத்தாமேல் தாங்க முடியாத கோபம். கையில் வந்த வெற்றியை அவர் தெருவில் போட்டுவிட்டார். பேசாமல் இருந்திருந்தால் அறை அவருக்கு, பெருமை எங்களுக்கு. நான் பார்த்த பிறையை இல்லையென்று சொல்லி என்னையும் பொய் சொன்னவளாக்கிவிட்டார். நோன்பு மாதம் முழுக்க அவரோடு சரியாகப் பேசவில்லை. பஜார்ப் பையன்கள் அவருக்கு ‘வெள்ளிப்பிறை’ என்று பெயர் வைத்தார்கள். யார் அப்படிக் கூப்பிட்டாலும் அவர் ஒரு சலாம் வைத்துவிட்டுப் போவார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் அவர் தன் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கத் தொடங்கினார். சதுரங்கப் பெட்டியைத் தன் பழைய சட்டையில் சுற்றி வைத்ததைப் பார்த்தேன். உதவி வேண்டுமா என்று கேட்கவில்லை.

சரக்கு லாரி அந்த வாரமே வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நான் திரும்பியபோது எங்கள் வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமில்லை. கூரை வரைக்கும் ஸ்வெட்டர் மூட்டைகள். நான் உட்கார்ந்து படிக்கும் ஜன்னலோரத்தை மூட்டைகள் முழுதாக விழுங்கியிருந்தன. அம்மா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“இதையெல்லாம் ஏம்மா இங்க கொண்டாந்து போட்டாங்க? கடை மாடியில போட வேண்டியதுதானே?”

“போய் ஒங்க அத்தாவைக் கேளு.”

கேட்டேன். அத்தா கணக்குப் போடுவது போல மூட்டைகளையே பார்த்துக்கொண்டு, “அங்க எடம் இல்ல” என்றார்.

இது என்ன பதில் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அங்கே இடம் இல்லாமல் போனது யாரால் என்று தெரியாதா? எல்லாம் இன்னும் அந்த அறையிலேயே கிடந்த ஓடாத சாமான்களால்தான். அந்தக் குளிர்காலம் முடியும்வரை சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தே வீட்டுப்பாடம் எழுதினேன். மூட்டைமேல் கால் இடறும்போதெல்லாம், அன்று மாடியில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாத சின்னத்தாவைத் திட்டினேன்.